டர்னர் வரைந்த நார்ஹம் கோட்டை

இங்கிலாந்து, ஸ்காட்லாந்து எல்லையில் ஓடும் ட்வீட் ஆற்றின் தென்கரையில் நிற்கிறது நார்ஹம் கோட்டை. 1121இல் டரம் ஆயர் எழுப்பிய கோட்டை இது. 1513இல் ஸ்காட்லாந்து மன்னர் நான்காம் ஜேம்ஸின் பீரங்கிகள் மதில்களைத் தகர்த்தன. பின்னர் அது மெல்லச் சிதைந்தது.

1797இல் வட இங்கிலாந்துப் பயணத்தின்போது, 22 வயது ஆங்கில ஓவியர் டர்னர் இந்த இடிபாட்டைப் பென்சிலால் கோட்டோவியமாக்கினார். அதிலிருந்து உருவான நீர்வண்ண ஓவியம் 1798இல் லண்டன் ராயல் அகாடமியில் காட்சிக்கு வைக்கப்பட்டது. கோட்டைக்குப் பின்னே கதிரவன். ஒளிக்கு எதிரே நிழலாய்க் கோபுரம். நீர்வண்ணத்தில் ஒளியைத் தருவது அடியிலுள்ள தாளின் வெண்மைதான். கல்லைவிட வெளிச்சத்தையே அவர் வரைந்தார் என்று சொல்வது பொருந்தும். ஏறத்தாழ 1845இல் தீட்டிய எண்ணெய் ஓவியத்தில் கோட்டை வெறும் நீலச் சாயலாகக் கரைந்துவிடுகிறது.