பொலிஸ் துப்பறிவாளன் (ஈழத் தமிழ் நாவலில்)

குற்ற நாவலின் இருண்ட கிளையில் நாயகன் பெரும்பாலும் ஒரு பொலிஸ்காரன். கோப்பை மூடு என்று மேலதிகாரி சொன்ன பிறகும் மூடாதவன். ஸ்கொட்லாந்தில் இயன் ரான்கின் 1987இல் ரீபஸைப் படைத்தார். சுவீடனில் ஹென்னிங் மான்கெல் 1991இல் வலண்டரைக் கொண்டுவந்தார். ஈழத் தமிழ் எழுத்தில் இந்தப் பாத்திரம் வேரூன்றவில்லை. பொலிசை வெறுத்த சமூகம் பொலிஸ்காரனை எப்படி நாயகனாக்கும் என்பது இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். அதில் உண்மை உண்டு, ஆனால் அது போதாது. துப்பறியும் கதை, சந்தேகத்துக்கும் நிரூபணத்துக்கும் இடையிலுள்ள தூரத்தில் நடப்பது. வடக்கில் அந்தத் தூரத்தைச் சட்டமே இல்லாமற் செய்துவிட்டது என்பதுதான் அடிப்படைக் காரணம்.

வடமராட்சியில், வல்வெட்டித்துறைக்கு அண்மையில் உள்ள உடுப்பிட்டியை எடுத்துக்கொண்டால் இது விளங்கும். 1852இல் தொடங்கிய அமெரிக்க மிஷன் கல்லூரியால் கல்வியில் பெயர்பெற்ற ஊர் இது. படித்த வாசகர்களுக்கு இங்கே பஞ்சமிருக்கவில்லை. ஆனால் களவோ அடிபிடியோ நடந்தால் முதலில் வருபவர் விதானையார். 1963இல் விதானையார் என்ற கிராமத் தலைமைக்காரர் முறை ஒழிந்து கிராமசேவகர் வரும்வரை அதுவே நடைமுறை. விதானையார் ஊர்க்காரர், யார் யாருக்கு என்ன முறை, எந்தக் காணிக்கு எத்தனை வருட எல்லைச் சண்டை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். கிணற்றில் ஒரு பிரேதம் கிடந்தால் ஒழுங்கை முழுவதும் கதை தெரிந்திருக்கும். சடலம் மந்திகை ஆஸ்பத்திரிக்குப் போய், வழக்கு பருத்தித்துறை நீதவானிடம் வருவதற்குள் ஊர் தன் தீர்ப்பைச் சொல்லி முடித்திருக்கும். வெளியிலிருந்து வரும் இன்ஸ்பெக்டருக்கு மட்டும் ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஒரு நாவலாசிரியனுக்கு இதைவிட நல்ல தொடக்கம் வேண்டியதில்லை. ஊரின் மௌனம் துப்பறியும் நாவலைத் தடுப்பதில்லை, அதற்குத் தீனி போடுகிறது. ஆகவே தடை வேறிடத்தில் இருந்து வந்திருக்கவேண்டும்.

1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டம், பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதலைச் சந்தேகநபருக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்று 25ஆம் பிரிவில் சொன்னது. பொலிஸ்காரர் அடித்து வாங்கிய வாக்குமூலத்தை நீதிமன்றம் ஏற்காது. தடயமும் சாட்சியும் தேடித்தான் ஆகவேண்டும். இந்தச் சட்டத்தின் கீழ் எவ்வளவு பெரிய புதிர் நீதிமன்றத்தில் விரியலாம் என்பதை 1951இல் கொழும்பில் தொடங்கிய சதாசிவம் வழக்கு காட்டியது. பெயர்பெற்ற துடுப்பாட்ட வீரர் மகாதேவன் சதாசிவம் மனைவியைக் கொன்றதாகக் குற்றம்சாட்டப்பட்டார். மரணம் எத்தனை மணிக்கு நேர்ந்தது என்பதில் மருத்துவ நிபுணர்கள் முரண்பட்டார்கள். அவர்களில் ஒருவரான எடின்பரோவின் சிட்னி சிமித் எதிர்த்தரப்புக்காகச் சாட்சி சொன்னார். 1953இல் சதாசிவம் விடுதலையானார். பொலிஸ் நம்பியது ஒன்று, நிரூபிக்க முடிந்தது இன்னொன்று.

1979இன் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் இதைத் தலைகீழாக்கியது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் சாட்சியமாகும் என்று அதன் 16ஆம் பிரிவு விதித்தது. அது சுயவிருப்பில் கொடுக்கப்படவில்லை என்று காட்டும் பாரமும் சந்தேகநபரின் தலையில் விழுந்தது. 2022இன் திருத்தம் வரும்வரை, தடுப்புக் கட்டளையின் கீழ் 18 மாதம்வரை ஒருவரை வைத்திருக்க முடிந்தது. பிறகு எதற்குத் தடயம்? சிங்கராசா என்பவர் மீதான வழக்கில், சிங்களத்தில் எழுதப்பட்ட ஒப்புதலை அடிப்படையாகக் கொண்டு 1995இல் 50 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டில் அது 35 ஆகக் குறைந்தது. இலங்கை அவருடைய உரிமையை மீறிவிட்டது என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 2004இல் முடிவு சொன்னது. ஒப்புதல் எழுதப்பட்ட சிங்களம் அவருக்குத் தெரியாது. துப்பறிவாளன் செய்யவேண்டிய வேலையை அங்கே அந்த ஒப்புதலில் இட்ட ஒரு பெருவிரல் அடையாளம் செய்து முடித்துவிட்டது.

சாதாரணக் கொலைக்குப் பழைய சட்டம் இருக்கத்தானே செய்தது என்று கேட்கலாம். ஏட்டில் இருந்தது. ஆனால் 1984 நவம்பரில் சாவகச்சேரிப் பொலிஸ் நிலையமும் 1985 ஏப்ரலில் யாழ்ப்பாணப் பொலிஸ் நிலையமும் தாக்கப்பட்ட காலத்தில், வடக்கின் பொலிஸ் மண்மூட்டைகளுக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டது. வீடுவீடாகப் போய் விசாரிக்க ஆளில்லை.

உண்மையான விடாப்பிடித் துப்பறிவாளர் ஒருவர் அதற்கு முன்பே இருந்தார், அவர் தமிழர் என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் இன்ஸ்பெக்டர் பஸ்தியாம்பிள்ளை, 1975இல் யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா கொல்லப்பட்ட பிறகு ஆயுத இளைஞரைத் துரத்தினார். 1978 ஏப்ரலில் முருங்கன் பக்கக் காட்டில் அவரும் உடன்வந்த பொலிசாரும் கொல்லப்பட்டார்கள். ஒரு பக்கத்துக்கு அவர் கடமை தவறாத அதிகாரி, மறுபக்கத்துக்குச் சித்திரவதைக்காரர். ஒரு நல்ல இருண்ட நாவலுக்கு இந்த இரண்டும் ஒரே ஆளில் வேண்டும். ஈழத்து அரசியல் அவரை இரண்டாகப் பிளந்துவிட்டது.

வடஅயர்லாந்தை எடுத்துக்காட்டி இதை மறுக்கலாம். புரொட்டஸ்தாந்தர் நிறைந்த பொலிசில் சேர்ந்த கத்தோலிக்கரான ஷோன் டஃபியை 2012இல் ஏட்ரியன் மக்கிண்டி நாயகனாக்கினார். நாஜி பேர்லினிலேயே துப்பறிந்த பேர்ணி குந்தரை 1989இல் பிலிப் கேர் படைத்தார். இந்த மறுப்பு வலுவானது. ஆனால் இரண்டுமே பல ஆண்டுகள் கழித்து ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை; ஒன்று சந்தேகநபரின் மொழியிலேயே வாக்குமூலம் எழுதும் பொலிசைப் பற்றியது, மற்றது ஆட்சி விழுந்த பிறகு வந்தது. 1991இல் விடுதலைப் புலிகள் இயக்கம் நடேசன் தலைமையில் தமிழீழக் காவல்துறையை அமைத்தபோது மொழித் தடை நீங்கியது உண்மைதான். 1996இல் இராணுவம் பிடிக்கும்வரை வடமராட்சியில் தமிழில் முறைப்பாடு கொடுக்க முடிந்தது. ஆயினும் அங்கே மேலதிகாரியை மீறிப் போகும் அதிகாரிக்கு இடமில்லை. தடயம் இயக்கத்தின் வாசலுக்குப் போனால் அங்கேயே நின்றுவிடும். தமிழ்நாட்டுப் பொக்கற் நாவல்களும் இடைவெளியை நிரப்பவில்லை. அங்கும் தமிழ்வாணனின் சங்கர்லால் தனியார், சுஜாதாவின் கணேஷ் வக்கீல். ராஜேஷ்குமாரின் விவேக் குற்றப்பிரிவு அதிகாரிதான், ஆனால் தன் துறையோடு மோதி நொறுங்குபவர் அல்லர்.

ஈழத்தில் இந்த இருட்டு காணாமற் போகவில்லை, கேள்வி கேட்பவனிடமிருந்து கேட்கப்படுபவனிடம் இடம்மாறியது. ஷோபாசக்தியின் ‘ம்’ (2004) ஒரு சிறுமியின் கருவுக்குக் காரணம் யார் என்ற, துப்பறியும் கதைக்குரிய கேள்வியோடு நடக்கிறது. அதன் விடைக்கான வழி விசாரணை அறைகளையும் 1983இல் தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்ட வெலிக்கடைச் சிறையையும் கடந்து போகிறது. துப்பறிவாளன் இல்லாத குற்ற நாவல் என்று அதைத் தயங்காமல் வகைப்படுத்தலாம்.

விடாப்பிடி அதிகாரி என்ற பாத்திரத்துக்கு அண்மைக்கால முன்மாதிரி கொழும்பில் இருக்கிறது. 2008, 2009இல் கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் 11 பேர் கடத்தப்பட்ட வழக்கில் கடற்படையினரை நோக்கிச் சென்ற விசாரணை அது. பயங்கரவாதத் தடைச் சட்டத்து ஒப்புதலால் முடிக்கக்கூடிய வழக்கல்ல என்பதால் அதிகாரிகள் தடயம் தேடவேண்டியிருந்தது. 2019 நவம்பரில் ஆட்சி மாறியதும் குற்றப் புலனாய்வுத் திணைக்களப் பணிப்பாளர் ஷானி அபேசேகர பதவியிலிருந்து மாற்றப்பட்டு, மறு ஆண்டு கைதானார். விசாரணை அதிகாரி நிஷாந்த சில்வா சுவிற்சர்லாந்துக்குத் தப்பிச் சென்றார். கடத்தப்பட்டவர்களில் பெரும்பாலோர் தமிழர், தேடியவர்கள் சிங்களவர். இந்தக் கதையைத் தமிழில் எழுதுபவர், பஸ்தியாம்பிள்ளையைப் பற்றி எழுதவிடாமல் தடுத்த, யார் எந்தப் பக்கம் என்ற அதே கணக்கை மறுபடியும் போட்டுப் பார்த்தாகவேண்டும்.