நஞ்சை மேல கட்டின வீடு

இந்த எபிசோடை ஒரு நனைஞ்ச பத்திரத்துல இருந்து ஆரம்பிக்கிறேன்.

எங்க வீடு கொரட்டூர்ல. 2015 டிசம்பர்ல வீட்டுக்குள்ள முழங்கால் அளவு தண்ணி. வடிஞ்சதும் அப்பா வீட்டுப் பத்திரங்களை மொட்டை மாடியில காயவெச்சார். அப்பதான் தாய்ப்பத்திரத்தை முதல்முறையா படிச்சேன். நிலத்தோட வகைன்னு போட்டு, 'நஞ்சை'ன்னு இருந்துச்சு. நஞ்சைன்னா பாசனத் தண்ணி பாயுற வயல். சரி, எங்கிருந்து பாய்ஞ்சது?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி எல்லாம் பழைய தொண்டை மண்டலம். இங்க காவிரி மாதிரி பெரிய ஆறு கிடையாது. கூவமும் கொசஸ்தலையும் மழையை நம்பி ஓடுற ஆறுகள். வருஷ மழையில பாதிக்கு மேல அக்டோபர்-டிசம்பர்ல கொட்டித் தீர்ந்துடும். நிலமோ கடல் பக்கமா ரொம்ப மெதுவா சரியுது. அதனால சரிவுக்குக் குறுக்கே மண்கரை போட்டாங்க. அதுதான் ஏரி. மதகைத் திறந்தா கீழே இருக்கிற வயலுக்குத் தண்ணி. ஏரி நிறைஞ்சா, கலங்கல் வழியா மிச்சம் அடுத்த ஏரிக்கு. அம்பத்தூர் ஏரியில இருந்து கொரட்டூர் ஏரி, அங்கிருந்து ரெட்டேரி. ஒரு சர்வர் நிறைஞ்சா லோடை அடுத்ததுக்குத் தள்ளுற மாதிரி.

இதைப் பார்த்துக்க ஆளும் இருந்தாங்க. 10ஆம் நூற்றாண்டு உத்திரமேரூர் கல்வெட்டுல 'ஏரி வாரியம்'னு தனிக் குழுவே வருது. குடவோலையில தேர்வு. ஆனா நிலமும் வேதப் படிப்பும் இருந்த ஆண்களுக்குத்தான் இடம். சேத்துல இறங்கி உழைச்சவங்களுக்கு இல்லை. அதையும் சொல்லிடணும்.

1763ல ஆற்காட்டு நவாப் இந்தச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீரா கொடுத்தார். 1767ல இருந்து 1774 வரை தாமஸ் பர்னார்டுங்கிற இஞ்சினியர் ஊர் ஊரா அளந்து, ஏரி, வயல், தோப்பு, வீடுன்னு கணக்கு எழுதினார். விளைச்சல்ல ஒரு பங்கை ஏரி பராமரிப்புக்கு ஒதுக்குற வழக்கம் அப்ப இருந்துச்சு. வரி முழுக்க கம்பெனி கைக்குப் போகப் போக, அந்தப் பங்கு தேய்ஞ்சுது. ஏரி 'ஊரோட வேலை'யா இருந்தது மாறி 'சர்க்கார் வேலை' ஆச்சு.

1872ல புழல் ஏரித் தண்ணி நகரத்துக் குடிநீரா வந்துச்சு. 1960கள்ல அம்பத்தூர் தொழிற்பேட்டையும் ஆவடி டாங்க் தொழிற்சாலையும் வந்துச்சு. வேலை வந்துச்சு, ஆள் வந்தாங்க, வயல் மனையாச்சு. எங்க தாத்தாவும் அப்படி வேலைக்கு வந்தவர்தான். அதனால யாரோ ஆக்கிரமிச்சாங்கன்னு விரல் நீட்ட எனக்குக் கூச்சமா இருக்கு.

வயல் போச்சு. சரிவு போகலை, கலங்கலும் போகலை. வாய்க்கால் மட்டும் தெருவாவோ சாக்கடையாவோ மாறிடுச்சு. 2015ல செம்பரம்பாக்கத்துல இருந்து 29,000 கன அடி வரைக்கும் திறந்துவிட்டாங்க. 2019 கோடையில அதே ஏரி வறண்டு வெடிச்சுக் கிடந்துச்சு. நாலே வருஷம்!

போன மாசம் ஆவடி பக்கம் ஒரு ஃப்ளாட் பார்த்தேன். 'ஏரி வியூ'ன்னு விளம்பரம். அப்பா பால்கனியில நிக்கவே இல்லை. நேரா கரைக்குப் போய் மதகு எங்கேன்னு தேடினார். கட்டடம் அதுக்கு நேர் கீழே. "மறுபடியும் பத்திரத்தைக் காயவெக்கணுமாடா?"ன்னு கேட்டார். அட்வான்ஸ் கொடுக்காம வந்துட்டோம்.

நீங்களும் வீடு பார்க்கிறீங்கன்னா, தமிழக அரசோட இ-சேவை தளத்துல சர்வே எண்ணைப் போட்டு அ-பதிவேட்டைப் பாருங்க. நஞ்சையா, புஞ்சையான்னு இருக்கும். அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை, மதகும் கலங்கலும் எந்தப் பக்கம்னு நடந்து பாருங்க. உங்க தாய்ப்பத்திரத்துல என்ன இருந்துச்சுன்னு எங்களுக்கும் எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.