நடராஜருக்குச் சாட்சி சொன்ன மண்

நவராத்திரிக்காக போன வாரம் ஆலயத்தில் கோத்தோங் ரோயோங் போட்டோம். குத்துவிளக்கு, மணி, வாசலில் நிற்கிற ரெண்டு பித்தளை யானை எல்லாத்தையும் துலக்கினோம். பளபளன்னு வந்துச்சு. படம் போட்டோம், நீங்களும் பாராட்டுனீங்க.

மறுநாள் ஒரு பெரியம்மா வந்து பெரிய குத்துவிளக்கோட அடிப்பாகத்தைத் தடவிப் பார்த்தாங்க. "எங்க தாத்தா பேரு இங்கதானே வெட்டியிருந்துச்சு?"ன்னு கேட்டாங்க. ரெண்டு எழுத்துதான் மிச்சம். நாச்சியார்கோவிலில் வாங்கி, நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பல் ஏற்றிக் கொண்டு வந்த விளக்காம். புளியும் கம்பி நாரும் வைத்து வருஷா வருஷம் தேய்த்தது வேற யாருமில்லை, நாங்கதான்.

அன்று ராத்திரி எங்களுக்குப் பத்தூர் நடராஜர் ஞாபகம்தான் வந்தது. பழைய தஞ்சை மாவட்டத்தில் பத்தூர் என்று ஒரு ஊர். அங்கே இடிந்து கிடந்த சிவன் கோயில் பக்கத்தில், 1976-ல் மண்ணைத் தோண்டும்போது சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகள் கிடைத்தன. அதில் நடராஜர் மட்டும் கைமாறிக் கைமாறி லண்டன் போய்விட்டார். அங்கே போலீஸ் பிடித்து வைத்தது. விலை கொடுத்து வாங்கின கம்பெனி, 'எங்களுக்குத்தான் சொந்தம்' என்று வழக்கு போட்டது.

பத்தூர் நடராஜர்தான் இவர் என்று எப்படி நிரூபிப்பது? அதே இடத்தில் கிடைத்த மற்ற சிலைகளோடு நிபுணர்கள் ஒப்பிட்டார்கள். உலோகத்தைப் பார்த்தார்கள், வடிவத்தைப் பார்த்தார்கள். அதோடு மேலே ஒட்டியிருந்த மண்ணையும், கறையான் ஓடிய தடத்தையும் பார்த்தார்கள். யாராவது 'சாமி அழுக்கா இருக்காரே' என்று நன்றாகத் தேய்த்திருந்தால் அந்தச் சாட்சி போயிருக்கும். கீழ்க்கோர்ட்டும், 1991-ல் மேல்முறையீட்டுக் கோர்ட்டும் கோயில் பக்கமே தீர்ப்பு சொன்னது. அதே வருஷம் நடராஜர் தமிழ்நாடு திரும்பினார்.

ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்கணும். சோழர் திருமேனிகள் பித்தளை இல்லை. செம்புதான் பெரும்பங்கு, கூட வெள்ளீயமும் காரீயமும். மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டல் மண்ணைப் பூசி, சூட்டில் மெழுகை வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றைக்கும் இப்படித்தான் செய்கிறார்கள். ஒரு அச்சுக்கு ஒரு சிலைதான், அச்சை உடைத்துத்தான் எடுக்கணும்.

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். செம்பு உருக 1085 டிகிரி வேணும். துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிடும். அதைப் பிடித்து வைக்கிறதே பெரிய வித்தை. ராஜஸ்தானில் ஜாவார் என்ற இடத்தில் அந்த ஆவியைக் குளிர வைத்து வடித்தெடுக்க பல நூற்றாண்டுக்கு முன்பே கற்றுக்கொண்டார்கள். நம்ம வீட்டு ஹாலில் இருக்கிற பிள்ளையார், யானை, மயில் எல்லாம் பெரும்பாலும் இந்தப் பித்தளைதான்.

ஃபேக்டரியில் வேலை பார்க்கிற எங்களுக்கு இது தெரிஞ்சிருக்கணும். பழைய பித்தளை வால்வு சிவந்து போனால் உடனே மாத்துவோம், துத்தநாகம் அரித்துப் போய் செம்பு மட்டும் நிற்குது என்று. புளியை அப்பி மணிக்கணக்கில் ஊற வைத்த விளக்கும் அப்படித்தான் சிவக்குது. அதை 'நல்லா சுத்தமாயிடுச்சு'ன்னு நாமே மெச்சிக்கிறோம்!

கடையில் வாங்குகிற அலங்காரச் சிலைக்கு மேலே பெரும்பாலும் வார்னிஷ் மாதிரி ஒரு பூச்சு இருக்கும். அதுக்கு ஈரத்துணியே போதும், புளியோ பாலிஷோ போட்டால் திட்டுத் திட்டாக உரியும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சோப்பு, பருத்தித் துணி. இடுக்குக்கு மென்மையான பிரஷ். கழுவினதும் உடனே துடைத்து ஈரம் போக உலர்த்தணும். உப்பு எந்த வடிவத்திலும் வேண்டாம். பச்சையாக மாவு மாதிரி உதிர்ந்தால் தேய்க்காமல் எங்களிடம் சொல்லுங்க. உற்சவரை குருக்களும் ஸ்தபதியும் சொல்லாமல் நாங்க தொடமாட்டோம்.

பெரியம்மாவிடம் மன்னிப்பு கேட்டோம். மிச்சமிருக்கிற ரெண்டு எழுத்தையும் படம் எடுத்து வைத்திருக்கிறோம். உங்க குடும்பம் கொடுத்த விளக்கு, மணி, தட்டு எதிலாவது பெயர் இருந்தால் சனிக்கிழமை காலை 8 மணிக்கு வந்து காட்டுங்க, நோட்டில் எழுதிக்கிறோம். துலக்குற வேலையும் அன்றைக்கே இருக்கு. பழைய வேட்டித் துணி கொண்டு வாங்க. கம்பி நாரை வீட்டிலேயே விட்டுட்டு வாங்க.