மலைநாட்டுக்கு வந்த வெண்திரை

மலைநாட்டுத் தோட்டங்களில் பிரட்டுக் களம் என்றால் அறியாதார் இல்லை. பொழுது புலருமுன் தப்பு ஒலிக்க, தொழிலாளர் வரிசையாக வந்து நின்று அன்றைய வேலையைக் கேட்டுப் பெறும் இடம் அது. அதே களத்தில் சில இரவுகளில் இரண்டு மூங்கில்களுக்கு இடையே வெள்ளைச் சீலை ஒன்று கட்டப்பட்டதும் உண்டு. காலையில் துரையும் கங்காணியும் கட்டளையிட்ட இடத்தில், இரவில் இராஜாக்களும் தேவர்களும் நடமாடினர். இந்த மாற்றத்தைச் செய்தது ஓர் இயந்திரம். அது மலையேறி வந்த வரலாறு சினிமாவின் வரலாறு மட்டுமன்று. ஒளி யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதன் வரலாறுமாகும்.

1895 ஆம் ஆண்டு டிசம்பர் 28 ஆம் நாள் பாரிஸ் நகரில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் வாங்கிச் சலனப் படம் காட்டினர். அடுத்த ஆண்டு ஜூலை 7 ஆம் நாள் பம்பாயில் அக்காட்சி நடைபெற்றது. இலங்கையில் முதற்காட்சி 1901 இல் நிகழ்ந்ததென்று சரித்திரம் எழுதியோர் குறிப்பர். தேசாதிபதி வெஸ்ட் ரிட்ஜ்வேயும், போவர் யுத்தத்தில் சிறைப்பட்டு இத்தீவுக்குக் கொண்டுவரப்பட்ட கைதிகளும் அதனைக் கண்டனர் என்பர். அக்கைதிகளின் பெரும் பாசறை அமைந்திருந்த தியத்தலாவை, மலைநாட்டின் கிழக்குச் சரிவில் உள்ள ஊராகும்.

அக்காலத்துப் படக்கருவி கையால் சுழற்றப்படுவது. சுருள் இடையறாது ஓடினால் திரையில் எதுவும் தெளிவாகத் தோன்றாது. ஆகையால், சிலுவை வடிவான ஒரு சக்கரம் படத்தை ஒரு கணம் நிறுத்தி, அடுத்த கணம் ஒரு கட்டம் கீழே இழுக்கும். இழுக்கும் வேளையில் ஒரு மூடி ஒளியை மறைக்கும். நின்று நின்று நகரும் படத்தைக் கண் ஒரே ஓட்டமாகக் காண்கிறது. 35 மில்லிமீட்டர்ப் படச்சுருளில் அடிக்குப் பதினாறு கட்டங்கள் உண்டு. ஆயிரம் அடிச் சுருளில் பதினாறாயிரம் படங்கள் அடங்கும்.

இக்கருவி தமிழர் கைக்கு வந்ததில் இலங்கைக்கும் ஒரு சிறு பங்குண்டு. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் படம் காட்டிச் சுற்றிய தூப்போன் என்னும் பிரெஞ்சுக்காரர், 1905 இல் திருச்சியில் நோயுற்றுத் தாய்நாடு திரும்ப விரும்பினார். அவருடைய கருவியையும் சுருள்களையும் விலைக்கு வாங்கியவர் இரயில்வே ஊழியரான சாமிக்கண்ணு வின்சென்ட். கூடாரத்தோடு ஊர் ஊராய்ச் சென்ற அவரே பின்னர், 1914 இல், கோயமுத்தூரில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். கருவியும் கூடாரமும் மூட்டையாகக் கட்டத் தக்கவையாக இருந்ததனாலேயே ஊமைப்படம் இரயில் போன இடமெல்லாம் போக முடிந்தது. நானுஓயா வரை இரயில் 1885 இலேயே வந்துவிட்டது.

ஆனால் பெரிய திரைக்குப் பேரொளி வேண்டும். அதற்கேற்றது கரிக்கோல் விளக்கு. இரு கரிக்கோல்களின் நுனிகளுக்கிடையே மின்சாரம் பாய்ந்து கண்கூசும் சுடரை உண்டாக்கும். கோல்கள் எரிந்து குறையக் குறைய, இடைவெளி மாறாதபடி அவற்றை நெருக்கிக்கொண்டே இருத்தல் வேண்டும். 1931 இல் ‘காளிதாஸ்’ வெளிவந்து தமிழ்ப் படம் பேசத் தொடங்கியபின் மின்சாரத்தின் தேவை இரட்டித்தது. ஒலிக்காகச் சுருள் வினாடிக்கு இருபத்துநான்கு கட்டங்கள் என்ற ஒரே கதியில் ஓடியாக வேண்டும். அதனைக் கை சுழற்றித் தருதல் இயலாது. மோட்டார், ஒலிபெருக்கி யாவும் மின்சாரத்தையே நம்பியவை. மின்சாரமில்லா ஊரில் பேசும் படம் ஊமையாகவும் இராது, இல்லாமலே போகும்.

இங்கேதான் மலைநாட்டின் முரண்பாடு தோன்றுகிறது. நுவரெலியா நகருக்கு 1912 இலேயே பிளாக்பூல் நீர்மின் நிலையம் ஒளி தந்தது. பொறியியலாளர் விமலசுரேந்திர கண்ட கனவு 1950 இல் நனவாகி, லக்சபானத் திட்டத்தின் மின்சாரம் கொழும்பு வரை பாய்ந்தது. மலையின் நீரோ தலைநகரின் திரைகளை விளக்கிற்று. அம்மலையில் கொழுந்து பறித்தோரின் லயங்களில் நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. ஆகவே படம் பார்க்க விரும்பியவர் ஹட்டன் போன்ற பட்டணங்களுக்கு இறங்கிச் செல்ல நேர்ந்தது.

வர்த்தகமும் அவ்வாறே தலைநகரில் குவிந்தது. 1928 இல் சிற்றம்பலம் கார்டினர் நிறுவிய சிலோன் தியேட்டர்ஸ் முதலிய கம்பனிகள், படங்களைத் தருவித்துக் கொட்டகைகளுக்கு அனுப்பின. பதினையாயிரம் அடிப் படம் ஒன்று ஓடி முடிய இரண்டே முக்கால் மணி நேரமாகும். அதனைப் பதினைந்து சுருள்களாகத் தகரப் பெட்டிகளில் சுமக்க வேண்டும். அக்காலச் சுருள் நைத்திரேற்றினால் ஆனது. பற்றினால் நீரிலும் அணையாதது. கரிக்கோல் சுடருக்கு எதிரே அதனை ஓட்டிய ஆபரேட்டர், நெருப்பையும் எரிபொருளையும் ஒரு சாண் இடைவெளியில் வைத்துக் காத்தவர் ஆவார். 1923 இல் வந்த 16 மில்லிமீட்டர்ப் படமோ எளிதில் தீப்பற்றாதது. சிறு கருவியில், சிறு விளக்கில் ஓடுவது. சீலைத் திரை பிரட்டுக் களத்துக்கு ஏற முடிந்தது அதனால்தான்.

திரையில் தோட்டத்து மக்களின் முகம் தோன்றியது எப்போது? 1934 இல் பசில் ரைட் இயக்கிய ‘சாங் ஒஃப் சிலோன்’, தேயிலைப் பிரசாரச் சபையின் ஆதரவில் உருவானது. அது அயலார் பார்க்க எடுத்த படம். 1962 இல் 16 மில்லிமீட்டரில் ‘சமுதாயம்’ என்ற தமிழ்ப் படம் இலங்கையிலேயே தயாராயிற்று. 1963 இல் 35 மில்லிமீட்டரில் வந்த ‘தோட்டக்காரி’, பெயரிலேயே மலைநாட்டுப் பெண்ணைச் சுமந்து வந்தது. ஆயினும் காலத்தின் கொடுமை பாருங்கள்! 1948 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவரானோருள் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென 1964 அக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்களும் உடன்பட்டனர். தன் முகத்தைத் திரையில் கண்ட மறு ஆண்டே, தன் ஊர் எது என்ற கேள்வி அப்பெண்ணின் வாசலில் வந்து நின்றது.

1972 இல் இயங்கத் தொடங்கிய அரசாங்கத் திரைப்படக் கூட்டுத்தாபனம் இறக்குமதியைத் தன் வசமாக்கியது. 1983 ஜூலை வன்செயலில் தமிழருக்குரிய கொட்டகைகள் பல எரிந்தன. ஹெந்தளை விஜயா ஸ்டூடியோவும் தீக்கிரையாகி, அங்கே காத்துவைத்த மூலச் சுருள்களும் அழிந்தன. ஆபரேட்டர்கள் எத்தனையோ ஆண்டுகள் அஞ்சிக் காத்த நெருப்பு, கடைசியில் கருவியிலிருந்து வரவில்லை. மனிதர் கையிலிருந்து வந்தது.

இன்று சுருளும் இல்லை, கரிக்கோலும் இல்லை. படம் எண்களாக மாறிக் கைக்கருவியில் அடங்கிவிட்டது. எனினும் குளிரில் கம்பளியைப் போர்த்துக்கொண்டு, குழந்தையை மடியில் வைத்து, வெறும் சீலையொன்றை நோக்கிக் காத்திருந்த மக்களின் வரலாறு இன்னும் முழுதாக எழுதப்படவில்லை. இயந்திரங்களைக் கணக்கெடுத்தவர் உண்டு. அவ்வொளி பட்ட முகங்களையும் கணக்கில் சேர்த்தாலன்றி அவ்வரலாறு நிறைவுறாது.