பாலக்கோட்டுக்கு வராத சமூகவியல்

1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தான் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்த பாராமகாலில் இன்றைய தர்மபுரி மாவட்டத்துப் பாலக்கோட்டு வட்டாரமும் அடக்கம். அடுத்த ஏழு ஆண்டுகளில் கேப்டன் அலெக்சாண்டர் ரீடும், அவருடைய உதவியாளர்களில் ஒருவரான தாமஸ் மன்றோவும் இந்தச் சீமையின் வயல்களை ஒவ்வொன்றாக அளந்து வரி விதித்தார்கள். அளந்தது நிலத்தை மட்டுமல்ல. எந்தச் சாதியார் எங்கே குடியிருக்கிறார்கள், என்ன தொழில் செய்கிறார்கள், அவர்களுடைய வழக்கங்கள் என்ன என்பதெல்லாம் ஏடேறின. 1907இல் சென்னை அரசு அச்சகம் வெளியிட்ட பாராமகால் ஆவணங்களில் குடிமக்களுக்கென்றே தனிப் பகுதி உண்டு. அவை அச்சேறுவதற்கு முன்பே 1883இல் லெ ஃபானுவின் சேலம் மாவட்டக் கையேடு வந்தது, 1918இல் ரிச்சர்ட்ஸின் கெசட்டியர் வந்தது. இப்படி இருநூறு ஆண்டுகளாக இந்த மக்களைப் பற்றிப் பிறர் விசாரித்தார்கள், பிறர் எழுதினார்கள். இங்கேயே பிறந்து வளரும் பதினாறு வயதுப் பிள்ளைக்குத் தன் ஊரைத் தானே விசாரிக்கும் முறையை அரசுப் பள்ளி இன்றுவரை சொல்லித்தரவில்லை. மேல்நிலை வகுப்பில் சமூகவியல் இல்லாததை நான் பெரிய இழப்பாகக் கருதுவது இதனால்தான்.

அந்த வயதில் இதெல்லாம் ஏறுமா என்று கேட்பவர்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பழைய வரலாறே பதில் சொல்லும். அங்கே பொருளியல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916 வாக்கில் தம் மாணவர்களிடம் கேள்விப் பட்டியலைக் கொடுத்துக் கிராமங்களுக்கு அனுப்பினார். யாருக்கு எவ்வளவு நிலம், கூலி எவ்வளவு, கடன் யாரிடம், வீட்டில் என்ன சாப்பாடு என்று மாணவர்கள் கேட்டு எழுதினார்கள். வடமலாபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, தூசி, இருவேல்பட்டு ஆகிய ஊர்களின் விவரங்கள் 1918இல் நூலாயின. 1930களில் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களை மறுஆய்வு செய்தார்கள். இருவேல்பட்டுக்கு அதன் பிறகும் ஆய்வாளர்கள் தலைமுறை தலைமுறையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு தமிழ்க் கிராமம் நூறாண்டுகளில் எப்படி மாறியது என்பதை இன்று ஆதாரத்தோடு பேச முடிகிறதென்றால், அதற்கு அடிக்கல் போட்டது அந்த மாணவர் குறிப்புகள். அவர்கள் கல்லூரிப் பிள்ளைகள்தான், பள்ளிப் பிள்ளைகள் அல்லர். ஆனால் அவர்கள் செய்த வேலைக்கு வேண்டியிருந்தது பொறுமையும், நேர்மையும், கேள்வி கேட்கும் ஒழுங்கும். இவை பதினோராம் வகுப்புக்கு மீறியவை அல்ல.

1978இல் தமிழகத்தில் பியூசி போய் பிளஸ் டூ வந்தபோது சமூகவியலைப் பள்ளிக்குக் கொண்டுவர ஒரு வாய்ப்பு திறந்தது. கலைப் பிரிவுக்கு வரலாறு, பொருளியல், அரசியல் அறிவியல், புவியியல் என்று இடம் ஒதுக்கப்பட்டது. சமூகவியலுக்கு இடம் கிடைக்கவில்லை. காலப்போக்கில் பொறியியல், மருத்துவச் சேர்க்கையே மேல்நிலைக் கல்வியின் நோக்கமென்று ஆகிவிட, கலைப் பிரிவு மதிப்பெண் குறைந்தவர்களை ஒதுக்கும் இடமாயிற்று. அதில் புதிய பாடம் சேர்க்க யாருக்கும் அக்கறை எழவில்லை. கர்நாடகத்தின் பியூசியிலும் கேரளத்தின் மேல்நிலையிலும் சமூகவியல் வழக்கமான பாடம். சிபிஎஸ்இ பள்ளிகளில் அதற்குச் செய்முறைத் திட்டமும் உண்டு, 20 மதிப்பெண்ணுக்கு. ஆகவே நடைமுறையில் முடியாது என்ற வாதம் எல்லையைத் தாண்டினால் நிற்காது.

வேலை கிடைக்காது என்பது அடுத்த ஆட்சேபம். இது வெறும் சாக்கு அல்ல. கடன் வாங்கிப் படிக்க வைக்கும் தக்காளி விவசாயி அப்படிக் கேட்பதில் முழு நியாயம் இருக்கிறது. ஆனால் குடிமைப் பணித் தேர்வில் சமூகவியல் விருப்பப் பாடமாக உள்ளது. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தில் அதற்குத் துறையே இருக்கிறது. பள்ளியில் பெயரே கேள்விப்படாத பிள்ளை அந்தத் துறையை எப்படித் தேடிப் போகும்? இன்னும் கனமான ஆட்சேபம், சாதியை வகுப்பில் பேசினால் பகை மூளும் என்பது. பேசாததால் பகை மூளாமல் இருந்ததா? 2023இல் நாங்குநேரியில் ஒரு மாணவனை அவன் வீட்டிலேயே சக மாணவர்கள் வெட்டினார்கள். அதன்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு, சாதி காட்டும் கைக்கயிறுகளைப் பள்ளியில் தடைசெய்யச் சொன்னது. சாதி கயிறாக வகுப்புக்குள் வந்துவிட்டது. அதை ஆராயும் பாடம் மட்டும் வாசலில் நிற்கிறது. 2012இல் சாதிப் பகையில் நத்தம் காலனி எரிந்ததும் இதே தர்மபுரி மாவட்டத்தில்தான்.

பாலக்கோட்டில் கேட்க வேண்டிய கேள்விகள் குவிந்து கிடக்கின்றன. ஆறு வயதுக்குட்பட்டோரில் ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் இன்றைய தர்மபுரி மாவட்ட எல்லைக்குள் 2001இல் 826 பேர்தான். 2011இல் அது 913 ஆனது. அந்த இடைவெளி எப்படிக் குறைந்தது, எந்த வீடுகளில் குறையவில்லை? எழுத்தறிவில் 2011இல் மாநிலத்திலேயே கடைசியாக இருந்த மாவட்டம் இது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகள் கலந்து வாழும் ஊரில் எந்த மொழி எங்கே பேசப்படுகிறது? தக்காளி விலை விழுந்த வருடம் யார் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள், யார் படிப்பை நிறுத்துகிறார்கள்? மாவட்டத்து அரசு மேல்நிலைப் பள்ளிகள் சிலவற்றிலாவது அடுத்த கல்வியாண்டில் சமூகவியலைத் தொடங்க வேண்டும். இந்தக் கேள்விகளோடு பிள்ளைகளைத் தம் தெருக்களுக்கே அனுப்ப வேண்டும். பள்ளிக் கல்வித் துறைக்கு என் கோரிக்கை இதுதான்.