உளி பிடித்த கைகள்

ஜப்பானிய ஓவியம் என்றதும் நம் நினைவுக்கு வருவது, சீறி எழும் பேரலையும் அதன் பின்னே சிறுத்துத் தோன்றும் பூஜி மலையும் அன்றோ? ஏறத்தாழ 1831ஆம் ஆண்டில் வெளிவந்த அப்படத்தை வரைந்தவர் ஹொக்குசாய் என்பதை உலகம் அறியும். ஆயினும், நாம் காண்பது அவர் தூரிகை தொட்ட தாளன்று. மரப்பலகையிலிருந்து பிறர் எடுத்த அச்சாகும். அப்பிறர் யாவர்?

எடோ எனப்பட்ட இன்றைய தோக்கியோ நகரில் செழித்த இக்கலை, நால்வரின் கூட்டுழைப்பாகும். பதிப்பாளர் பொருள் முதலிடுவார். ஓவியர் மெல்லிய தாளில் கோட்டோவியம் வரைவார். செதுக்குநர் அத்தாளைச் செர்ரி மரப்பலகையின்மீது குப்புற ஒட்டி, கோடுகள் மட்டும் புடைத்து நிற்குமாறு ஏனைய பகுதியை அகழ்ந்தெடுப்பார். அப்பணியில் மூல ஓவியம் அழிந்தே போகும். ஓவியரின் கோடு அதன்பின் செதுக்குநரின் கத்தி முனையிலேயே உயிர் பெறும்.

பல வண்ண அச்சு 1765ஆம் ஆண்டில் சுசுகி ஹருனொபுவின் படங்களில் முழுமை பெற்றது. வண்ணந்தோறும் தனிப்பலகை வேண்டும். ஒரே தாளைப் பன்முறை பதிக்கையில் வண்ணம் இம்மியும் விலகாதிருக்க, ஒவ்வொரு பலகையிலும் ‘கெந்தோ’ என்னும் இரு அடையாளங்கள் வெட்டப்பட்டன. அச்சிடுநர் வண்ணத்தோடு அரிசிப் பசை கலந்து பலகையில் பரப்புவார். மரப்பட்டை நாராலான ஈரத்தாளை அதன்மேல் இட்டு, மூங்கில் மடல் போர்த்திய ‘பாரென்’ என்னும் வட்டத் திண்டால் தேய்ப்பார். பொறி ஏதும் இல்லை; கைவலிமையே அழுத்தம் தரும். ஹிரோஷிகேயின் படங்களில் வான நீலம் மெல்ல மெல்ல மங்குவதும் அச்சிடுநரின் கைத்திறனே.

இத்துணை உழைத்தும், தனிப்படங்களில் பெரும்பாலும் ஓவியர் ஒப்பமும் பதிப்பாளர் முத்திரையுமே இடம்பெற்றன. இளமையில் சில ஆண்டுகள் செதுக்குத்தொழில் பயின்ற ஹொக்குசாய், செதுக்குநரின் அருமையை உணர்ந்திருந்தார். எகாவா தொமெகிச்சி என்பவரிடமே தம் நூல்களைச் செதுக்கக் கொடுக்குமாறு பதிப்பாளருக்கு மடல் எழுதினார். 1834இல் வெளிவரத் தொடங்கிய ‘பூஜி மலையின் நூறு காட்சிகள்’ நூலில் தொமெகிச்சியின் பெயரும் பொறிக்கப்பட்டது.

தோக்கியோ, கியோத்தோ பட்டறைகளில் இன்றும் இம்முறையிலேயே அச்செடுக்கின்றனர். இப்படங்களை வகுப்பறையில் காட்டும் ஆசிரியர், ‘வரைந்தவர் யார்?’ என வினவுவதோடு அமைதல் போதாது, ‘செதுக்கியவர் யார்? அச்சிட்டவர் யார்?’ எனவும் மாணவரை வினவுதல் வேண்டும். பெரும்பாலும் விடை கிடைக்காது. பெயரின்றி உழைத்தோரும் வரலாற்றில் உண்டு என்பதை மாணவர் அங்கே உணர்வர்.