ஹாஜிகளின் ஸப்ரில் இலாபம் தேடலாமா?



ஹஜ் காலத்தில் வியாபாரம் செய்வது குற்றமல்ல என்பதற்கு ஸூரத்துல் பகராவின் 198ஆவது வசனத்தை உலமாக்கள் ஆதாரம் காட்டுவார்கள். ஆகவே ஹாஜிகளை அழைத்துச் சென்று இலாபம் உழைப்பது ஹலால்தான். அந்த இலாபம் எதிலிருந்து வருகிறது என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

1880 ஜூலையில் 'ஜித்தா' என்ற நீராவிக் கப்பல் தொள்ளாயிரத்துக்கும் அதிகமான யாத்திரிகர்களுடன் பினாங்கிலிருந்து புறப்பட்டது. சிங்கப்பூரின் அல்சகோஃப் என்ற அரபு முஸ்லிம் குடும்பம் நடத்திய கம்பனியின் கப்பல் அது. கடும் புயலில் கொதிகலன்கள் இடம்பெயர்ந்தன, தண்ணீர் ஏறியது. ஓகஸ்ட் 8ஆம் திகதி கப்டன் தன் மனைவியுடனும் அதிகாரிகளுடனும் படகில் ஏறிப் போய்விட்டார். வேறொரு கப்பல் அவர்களை ஏடனில் இறக்கியது. 'ஜித்தா' மூழ்கிவிட்டதாக அங்கே சொன்னார்கள். மறுநாளே அது ஹாஜிகளோடு ஏடனுக்கு இழுத்து வரப்பட்டது! விட்டுச் செல்லப்பட்டவர்கள் தண்ணீரை இறைத்து இறைத்தே கப்பலைக் காப்பாற்றியிருந்தார்கள். விசாரணையில் கப்டனின் சான்றிதழ் 3 வருடங்களுக்கு இடைநிறுத்தப்பட்டது. ஜோசப் கொன்ராட்டின் 'லோர்ட் ஜிம்' நாவலுக்குக் கருவானது இந்தச் சம்பவம்தான்.

கப்டன் அந்நியர்தானே என்று நாம் தப்பிக்க முடியாது. அந்தக் காலத்தில், ஊர் திரும்பக் காசில்லாத ஹாஜிகள் பலர், அதே அல்சகோஃப் குடும்பத்திடம் பட்ட கடனுக்காக ஜொகூரிலிருந்த அவர்களது குகூப் தோட்டத்தில் உழைத்துக் கழிக்க ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தார்கள். புனிதப் பயணம் போனவர் கடன் கூலியாகத் திரும்பினார். அந்தக் குடும்பத்தின் வக்ஃபில் 1912இல் உருவான மத்ரஸா இன்றும் சிங்கப்பூரில் இயங்குகிறது. அது பெரும் நன்மை. ஆனால் தர்மம் வேறு, ஹாஜியின் ஹக் வேறு.

ஹாஜி இலகுவில் முறைப்பாடு செய்யமாட்டார். என்ன கஷ்டம் வந்தாலும் ஸப்ர் என்று பொறுத்துக்கொள்வார். இந்தத் தொழிலில் உள்ள பெரிய சோதனையே அதுதான்.

தானியக் குவியலுக்குள் ஈரத்தை மறைத்து வைத்திருந்த வியாபாரியிடம், மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். ஹரமிலிருந்து ஹோட்டல் எவ்வளவு தூரம், ஓர் அறையில் எத்தனை பேர், திரும்பும் திகதி எது, பயணம் தடைப்பட்டால் பணம் எப்படித் திரும்பும்? காசு வாங்கும் முன்னரே இவற்றை எழுத்தில் கொடுப்பதுதான் ஈரத்தை மேலே வைப்பது. எழுத்தில் கேட்பது நமது கடமை. அதை அவநம்பிக்கை என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை.

ஹாஜியின் பணம் அமானிதம். அல்லாஹ் நம் அனைவரையும் பாதுகாப்பானாக. ஆமீன்.